யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? 'கோமாளிகள்' வானொலியிலிருந்து திரைக்குப் போன கதை

பஹ்ரைனின் தலைநகர் மனாமாவில் குதைபியா என்றொரு பகுதி இருக்கிறது. ஒருபுறம் அரண்மனை, மறுபுறம் நெருக்கமான பழைய மாடிக் கட்டடங்கள். கீழே, கோல்ட் ஸ்டோர் என்று இங்கு எல்லோரும் சொல்லும் சில்லறைக் கடைகள், சலவைக் கடைகள், மலையாளிகளின் சாப்பாட்டுக் கடைகள். மேலே அறைகள். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருப்போம். அப்படியான ஓர் அறையில் இரண்டு வெள்ளிக்கிழமைகளாக நடந்த ஒரு வாக்குவாதத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து இச்சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு ஒரு விடயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வளைகுடா நாடுகள் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டவையல்ல. ஆகவே இங்கே எமக்கு அகதி என்ற பெயர் கிடையாது. தொழிலாளி என்ற பெயர்தான் உண்டு. வேலை போனால் விசாவும் போயிற்று. நாட்டை விட்டு வெளிக்கிட்ட காரணங்களைக் கேட்டால் உங்களுடைய காரணங்களுக்கும் எங்களுடைய காரணங்களுக்கும் பெரிய வித்தியாசம் இராது. ஒன்றில் மாத்திரம் வித்தியாசம் உண்டு. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று நாம் நம்மவர்களோடேயே சேர்ந்து வாழ முடிகிறது. இங்கே அது முடியாது. கம்பனி யாரோடு படுக்க விடுகிறதோ அவரோடுதான் படுக்கவேண்டும். எங்கள் அறையில் மன்னாரைச் சேர்ந்த வயதான அண்ணர் ஒருவர், காத்தான்குடித் தம்பி ஒருவர், ஹற்றனிலிருந்து வந்த ஒருவர், இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், நன்றாகத் தமிழ் கதைக்கக்கூடிய நீர்கொழும்புச் சிங்களவர் ஒருவர், யாழ்ப்பாணத்தவனாகிய நான். ஊரில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லாத ஆறு பேர்.

ஒரு வெள்ளிக்கிழமை, சமையல் முடிந்த கையோடு, மன்னார் அண்ணர் தன் சிறுவயதில் வானொலியில் கேட்ட 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தைத் தனியாளாக நடித்துக் காட்டினார். நான்கு குரல், நான்கு தமிழ். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். இராமநாதபுரத்துக்காரர், "இத மறுபடியும் படமா எடுத்தா நம்ம ஆளுகளே ஓட வச்சிருவாங்கண்ணே" என்றார். காத்தான்குடித் தம்பி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி. அதுல சோனகன் கதைக்கிற தமிழுக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு, ஒரு நகைச்சுவைத் தொடரைப் படமாக்குவதென்றால் என்னவென்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிக்கு முந்திய தொடர்

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல்தான் தொடங்கியது. அரச நிறுவனமான ரூபவாஹினி 1982இல் வந்தது. அதற்கு முன்னர், மேலைநாடுகளில் தொலைக்காட்சித் தொடர் செய்த வேலையை எமது நாட்டில் வானொலிதான் செய்தது. ஒரே பாத்திரங்கள் வாராவாரம் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வருவார்கள். அவர்களுடைய குரல் பிள்ளைகளுக்கும் பாடமாகிவிடும். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு கடலுக்கு அப்பால் தென் தமிழ்நாட்டிலும் கேட்டது. எங்கள் இராமநாதபுரத்துக்காரர் தன் தகப்பனார் சொல்லக் கேட்டு அந்த அறிவிப்பாளர்களின் பெயர்களை ஒப்புவிப்பார்.

'கோமாளிகளின் கும்மாளம்' அத்தகைய ஒரு தொடர். எஸ். ராமதாஸ் எழுதியது. அவரே மரைக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாக, சிங்களவர் ஒருவர் பேசும் தமிழைப் பேசினார். பி.எச். அப்துல் ஹமீட் ஐயராகப் பிராமணத் தமிழ் பேசினார். இந்தப் பாத்திரப் பெயர்கள் நடிகர்களின் சொந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டு, மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே கடைசிவரை வழங்கின. தொடர் எவ்வளவு தூரம் சனங்களுக்குள் இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1976 நவம்பரில் இத்தொடர் 'கோமாளிகள்' என்ற படமாக வெளிவந்தது. எஸ். இராமநாதன் நெறிப்படுத்தினார், எம். முகம்மது தயாரித்தார். வானொலியில் பேசிய நால்வருமே திரையிலும் தோன்றினார்கள். சில்லையூர் செல்வராசன், கமலினி செல்வராசன் ஆகியோரும் நடித்தனர். வசூலில் வெற்றி கண்ட மிகச் சில இலங்கைத் தமிழ்ப் படங்களுள் இதுவும் ஒன்று. 1978இல் அதே வழியில் 'ஏமாளிகள்' வந்தது.

இந்த வெற்றிக்கு ஒரு பொருளாதாரப் பின்னணியும் உண்டு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குள் போனது. முன்பு போல் தென்னிந்தியப் படங்கள் தாராளமாக வந்து குவியவில்லை. அந்த இடைவெளியில்தான் 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்கள் வந்தன. ஆயினும் சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் பார்த்துப் பழகிய இரசிகனுக்கு உள்ளூர் முகம் எதுவும் தெரியாது. தெரிந்தவை குரல்கள்தான். 'கோமாளிகள்' செய்த கெட்டித்தனம் இதுதான்: நட்சத்திரம் இல்லாத நாட்டில், ஏற்கெனவே வீடுவீடாய் அறிமுகமாகியிருந்த குரல்களையே நட்சத்திரமாக்கியது. அந்தக் குரலுக்கு உரிய முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கவே சனம் ரிக்கற் எடுத்தது.

தொடர் வேறு, படம் வேறு

குரல் இருந்தால் மட்டும் படமாகிவிடுமா? இல்லை. தொடரின் இயல்பும் படத்தின் இயல்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது, காலம். நகைச்சுவைத் தொடரில் எதுவும் மாறுவதில்லை. கஞ்சன் இந்த வாரம் நட்டப்பட்டாலும் அடுத்த வாரம் கஞ்சனாகவே வருவான். முட்டாள் ஒருபோதும் பாடம் படிக்கமாட்டான். அவன் மாறமாட்டான் என்ற நிச்சயம்தான் எமக்குச் சிரிப்பைத் தருகிறது. படமோ இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் கேட்கிறது. முடிவு என்றால் ஏதோ ஒன்று மாறவேண்டும். பாத்திரம் மாறினால் இரசிகன் கோபிப்பான். மாறாவிட்டால் கதையே இல்லை என்பான்.

இரண்டாவது, இடம். தொடருக்கு ஒரு வீடோ ஒரு கடையோ ஒரு கந்தோரோ போதும். படத்துக்கு அது போதாதென்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். ஆகவே பாத்திரங்களை எங்காவது பயணம் அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது, கூட்டம். தொடரை இரசிகர்கள்தான் தேடிக் கேட்கிறார்கள். படத்துக்கு அவர்களோடு ஒன்றும் தெரியாத அந்நியரும் வருகிறார்கள். அந்நியருக்கு விளங்கப்படுத்தப் போனால் இரசிகன் கொட்டாவி விடுவான். விளங்கப்படுத்தாவிட்டால் அந்நியன் எழுந்து போய்விடுவான்.

வானொலியிலிருந்து வரும்போது நான்காவது சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குரலைக் கேட்கிறவன் முகத்தைத் தானாகவே கற்பனை செய்துவைத்திருக்கிறான். திரை அந்தக் கற்பனையை ஒரே கணத்தில் இல்லாமல் செய்துவிடுகிறது.

மற்றவர்கள் கண்ட வழிகள்

இச்சிக்கல்களுக்குப் பலரும் பலவிதமாக வழி கண்டிருக்கிறார்கள். எங்கள் அறையில் அநேகமாக எல்லோரும் பார்த்திருந்த சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மிஸ்டர் பீன் தொடர் 1990 முதல் 1995 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்தது. பேச்சு அநேகமாக இல்லை. ஆகவே மொழி தெரியாதவனும் சிரித்தான். 1997இல் அது 'பீன்' என்ற படமானபோது அவரை லண்டனிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினார்கள். பெறுமதி மிக்க ஓவியம் ஒன்றோடு போகும் அவரை அங்கே கலை நிபுணர் என்று நம்பிவிடுகிறார்கள். அவர் ஓவியத்தைப் பாழாக்கிவிடுகிறார். தொடரில் பீன் ஒரு தனியாள். படத்தில் அவருக்குத் தங்க இடம் கொடுக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்த்தார்கள். ஏன்? பீன் மாறமாட்டார். ஆகவே அவரால் மாறக்கூடிய வேறு சிலர் கதைக்குத் தேவைப்பட்டார்கள். இது நல்ல உத்தி. ஆனால் பேசாதவரைக் கடைசியில் ஓவியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்ய வைத்தார்கள். 2007இல் வந்த இரண்டாவது படத்தில் அவரைப் பிரான்சுக்கு அனுப்பி, மொழி தெரியாத ஊரில் மறுபடியும் ஊமையாக்கினார்கள். பேச வைத்ததை அவர்களே திருத்திக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது.

ஹிந்தியில் 'ஆபீஸ் ஆபீஸ்' என்ற தொடர் 2001இல் தொடங்கியது. பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால் என்ற சாதாரண மனிதர் வாரம் ஒரு அரச கந்தோருக்குப் போய் அலைக்கழிவார். 2011இல் அது படமானது. படத்துக்கென்று அவர்கள் தேர்ந்த சம்பவம் ஒன்றே ஒன்று: உயிரோடு நிற்கும் முசத்திலால் இறந்துவிட்டார் என்று ஓய்வூதியப் பதிவேடு சொல்கிறது. தான் உயிரோடிருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். தொடரின் நூறு சிறிய அவமானங்களை ஒரே பெரிய அவமானமாகத் திரட்டியிருக்கிறார்கள். கடதாசி இல்லாமல் தன்னைத் தானென்று நிரூபிக்க முடியாமல் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும், அதாவது இச்சஞ்சிகையின் வாசகர் எல்லோருக்கும், அந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

'கிச்சடி' 2002இல் தொடங்கிய ஹிந்தித் தொடர். ஒன்றாக வாழும் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் அறிவீனங்கள்தான் அதன் கதை. 2010இல் ஆதிஷ் கபாடியா அதைப் படமாக்கியபோது எவரையும் திருத்தவில்லை. அந்த வீட்டு ஹிமான்ஷுவுக்கு ஒரு மகத்தான காதல் கதைக்கு நாயகனாகும் ஆசை வருகிறது. அவ்வளவுதான். சினிமாவில் வருவதுபோல வாழவேண்டும் என்ற ஆசையையே நகைச்சுவையின் பொருளாக்கியதனால், பெரிய திரைக்கு வந்த சிறிய தொடர் தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. 2023இல் இரண்டாவது படமும் வந்தது.

வளைகுடாவுக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. 'மசாமீர்' என்ற சவூதிக் கேலிச்சித்திரத் தொடர் 2011இல் இணையத்தில் தொடங்கி, சவூதிச் சமூகத்தின் பழக்கங்களைச் சவூதிப் பேச்சிலேயே கிண்டல் செய்தது. சவூதியில் திரையரங்குகள் 1980களிலிருந்து இருக்கவில்லை. படம் பார்ப்பதற்கென்றே அந்நாட்டவர்கள் 1986இல் திறந்த கடற்பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்கு வருவார்கள். 2018இல் அங்கே திரையரங்குகள் மீண்டும் திறந்தன. 2020 ஜனவரியில் 'மசாமீர்' படமாக அந்தத் திரையரங்குகளுக்கு வந்தது. தங்கள் வீட்டுப் பேச்சைத் தங்கள் ஊர்த் திரையில் முதன்முதலாகக் கேட்கப் போன அந்த இளைஞர்களின் மனநிலையை, 1976இல் 'கோமாளிகள்' பார்க்கப் போனவர்களால் விளங்கிக்கொள்ள முடியும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2003இல் தொடங்கிய 'லொள்ளு சபா'வுக்கு இன்றும் தீவிர இரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது படமாகவில்லை. அதில் நடித்த சந்தானம் சினிமாவுக்குப் போனார். இயக்கிய ராம்பாலா 2016இல் சந்தானத்தை வைத்தே 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். சினிமாவைக் கேலி செய்யும் முயற்சியை 2010இல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப் படம்' மூலம் தனியாகச் செய்தார். நடிகர்கள் போனார்கள், தொடர் போகவில்லை. ஏனென்றால் அத்தொடரில் நிலையான பாத்திரங்கள் இல்லை. வாரம் ஒரு படத்தைக் கிண்டல் செய்வதுதான் அதன் வேலை. திரைக்குக் கொண்டுபோவதற்கு அங்கே ஒரு குடும்பமோ ஒரு தெருவோ இருக்கவில்லை.

இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது: படமாக்கும்போது திரைக்குப் போகவேண்டியது பாத்திரத்தின் உடையோ, அவர் அடிக்கடி சொல்லும் வசனமோ அல்ல. பாத்திரங்களுக்கிடையிலுள்ள உறவும், அவர்களைப் பார்த்து நாம் எந்த உரிமையில் சிரிக்கிறோம் என்பதும்தான். 'கிச்சடி'யில் அந்த உரிமை, அது எங்கள் குடும்பத்தைப் போன்றது என்பதால் வருகிறது. 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரில், அந்தக் கந்தோரில் நாங்களும் நின்றிருக்கிறோம் என்பதால் வருகிறது. 'கோமாளிகள்' பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது?

நால்வரின் உடன்பாடு

அந்த நான்கு குரல்களைத் திரும்பவும் பாருங்கள். முஸ்லிமாகப் பேசிய ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய அப்துல் ஹமீட் முஸ்லிம். சிங்களவராகப் பேசிய செல்வசேகரன் தமிழர். மற்றவரின் பேச்சை இரவல் வாங்கிப் பேசினார்கள். தன்னுடையது அல்லாத பேச்சைப் பிழையில்லாமல் பேசுவதற்கு, அந்த மனிதரோடு நெடுநாள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும். கொழும்பின் மாடி வீடுகளிலும் கந்தோர்களிலும் வானொலிக் கலையகத்திலும் அப்படி இருந்து கேட்க முடிந்தது. இந்நாடகம் அந்த அயலின் விளைவு.

ஆகவே அங்கே ஒரு சொல்லப்படாத உடன்பாடு இருந்தது: நான் உன்னைப் போலப் பேசிச் சிரிக்க வைக்கிறேன், நீ இன்னொருவரைப் போலப் பேசிச் சிரிக்க வை, எவர் தமிழும் 'சரியான' தமிழ் அல்ல. யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியின் தமிழும் மற்ற மூன்றைப் போலவே சிரிப்புக்குரியதாக இருந்தது என்பது சிறிய விடயமல்ல. தன் பேச்சே செந்தமிழ் என்று நம்பியிருந்த ஒரு சமூகத்தின் பேச்சை மற்றவற்றோடு சமமாக வைத்தார்கள். வானொலித் தொடரிலிருந்து படத்துக்கு அப்படியே போனது இந்தச் சமத்துவம்தான் என்று நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. நான் இதைச் சொன்னபோது ஹற்றன்காரர் கேட்டார்: "நாலு பேர்ல நாங்க எங்க இருக்கோம்?" உண்மைதான். அந்த நான்கு முக்கிய குரல்களில் மலையகத் தமிழ் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த மக்கள், 1970களின் இந்த மேசையில் இடம்பெறவில்லை. நான்கில் ஒன்றேனும் பெண்குரல் இல்லை. இந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் நகரத்து ஆண்கள். இதை மறைத்துவிட்டு, அன்று எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம் என்று பழங்கதை பேசுவதில் பயனில்லை.

உடன்பாடு முறிந்த பின்

'கோமாளிகள்' வெளிவந்த அடுத்த ஆண்டில், 1977 ஓகஸ்டில், தமிழர்மீது வன்செயல் நடந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ அப்போது எரிக்கப்பட்டு, அங்கிருந்த படங்களின் நெகட்டிவ்கள் அழிந்தன. உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்த தமிழருக்கு, அந்த ஜூலையில் அதே உச்சரிப்பு வேறு விதமாகக் கேட்டது. தமிழனா சிங்களவனா என்று வீதியில் மறித்துப் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். உச்சரிப்பு உயிர் சம்பந்தப்பட்ட விடயமாயிற்று.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் அறைத் தம்பி அதன் பிறகு பிறந்தவர். ஆனால் அந்தப் பள்ளிவாசலின் சுவரைப் பார்த்து வளர்ந்தவர். மரைக்காரின் தமிழுக்கு ஏன் சிரிப்பு என்று அவர் கேட்டதை நகைச்சுவை உணர்வு இல்லாத கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மன்னார் அண்ணர் பதில் சொன்னார்: "தம்பி, அந்தாள் உங்கட ஆக்களைப் பழிக்கேல்ல. உங்கட ஆக்களும் ரேடியோவுக்குப் பக்கத்தில இருந்து சிரிச்சவை. நான் எருக்கலம்பிட்டியில கண்ணால கண்டனான்."

"அவங்க சிரிச்சிருப்பாங்க அண்ணன். அப்ப பக்கத்து வீட்டுல நீங்க இருந்தீங்க. இப்ப நீங்க கொழும்புலயோ கனடாவுலயோ இருந்து எங்கட பேச்சுக்குச் சிரிச்சா அது வேறதானே?"

இரண்டாவது வெள்ளிக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று. இருவர் சொன்னதும் சரியென்றே நான் நினைக்கிறேன். ஒரே பகிடி, சிரிப்பவன் இருக்கும் இடம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து சிரித்தால் அது அயல். ஆளைத் துரத்திவிட்டு, அவன் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு சிரித்தால் அது ஏளனம். ஒரு பழைய நகைச்சுவைத் தொடரைத் திரும்பப் படமாக்கும் எவரும் முகம் கொடுக்கவேண்டிய முதற் பிரச்சினை இதுதான். ஆங்கிலேயரின் பழைய தொடர்களைப் புதிதாக எடுப்பவர்களும், அன்று சிரிப்பாயிருந்தது இன்று ஏன் கூசுகிறது என்ற கேள்வியைச் சந்திக்கத்தான் செய்கிறார்கள். எமக்கு அதற்கிடையில் கொலையும் வெளியேற்றமும் நிற்கின்றன.

அப்படியானால் எப்படி எடுப்பது?

எடுக்கவே கூடாது என்பது என் கட்சியல்ல. 1970களின் 'கோமாளிக'ளை அப்படியே பிரதியெடுக்க முடியாது. அதன் உடன்பாட்டைப் புதிதாக எழுதவேண்டும் என்பதே என் கருத்து. மேலே சொன்ன உதாரணங்களைக் கொண்டு மூன்று விடயங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: பாத்திரங்களைப் பயணம் அனுப்பத் தேவையில்லை. பயணத்தை வரலாறு ஏற்கெனவே நடத்திவிட்டது. அப்புக்குட்டியும் மரைக்காரும் உபாலியும் இன்று சந்திக்கக்கூடிய இடம் கொழும்பு மாடி வீடு அல்ல. குதைபியாவின் ஓர் அறை. ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஆறு பேரின் பெயர் எழுதிய ஆறு பால் பெட்டிகள், ஒரு குளியலறை, காலை ஐந்து மணிக்கு வரும் கம்பனி பஸ். எவரும் பிடிக்கவில்லையென்று எழும்பிப் போக முடியாது. நகைச்சுவைத் தொடருக்கு வேண்டிய மாறாத வீடு இதைவிட எங்கே கிடைக்கும்?

இரண்டு: படத்துக்கு வேண்டிய ஒரே சம்பவத்தை 'ஆபீஸ் ஆபீஸ்' செய்தது போலத் தேர்ந்தெடுக்கலாம். அறையிலுள்ள ஒருவருக்கு விசா முடிகிறது. பாஸ்போட்டிலுள்ள பெயரும் வேலைப் பத்திரத்திலுள்ள பெயரும் ஓர் எழுத்தால் வேறுபடுகின்றன. தமிழ்ப் பெயரை ஒருவர் சிங்களத்திலும் ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் அரபியிலும் எழுதினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மற்ற ஐந்து பேரும் அவருக்காகக் கந்தோர் கந்தோராக ஏறவேண்டும். அங்கே யாருடைய தமிழும் செல்லாது. எல்லோரும் ஒரே அரைகுறை ஹிந்தியில்தான் கதைக்கவேண்டும். அப்போது சிரிப்பு ஒரு சமூகத்தின் உச்சரிப்பின்மேல் விழாது. ஆறு பேர் பேச்சையும் ஒருசேர மதிக்காத கந்தோரின்மேல் விழும்.

மூன்று: இரவல் பேச்சு தொடரவேண்டும், ஆனால் கேட்டு வாங்கவேண்டும். முஸ்லிம் பாத்திரத்தை முஸ்லிம்தான் நடிக்கவேண்டும், மலையகப் பாத்திரத்தை மலையகத்தவர்தான் நடிக்கவேண்டும் என்று விதி செய்தால் அநீதி குறையலாம். ஆனால் 'கோமாளிக'ளின் உயிரான மாறாட்டம் போய்விடும். இதற்குக் காத்தான்குடித் தம்பியே ஒரு வழி சொன்னார்: "நான் அப்புக்குட்டியா நடிக்கன். யாழ்ப்பாணத்து ஆள் மரைக்காரா நடிக்கட்டும். ஆனா அவருக்கு நான்தான் கதைக்கப் பழக்குவன். பிழையாக் கதைச்சா அவர்தான் தேத்தண்ணி போடணும்." எழுதும் மேசையில் ஆறு பேரும், அவர்களோடு பெண்களும் இருந்தால், எங்கே பகிடி முடிந்து பழிப்பு தொடங்குகிறது என்பதை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

முன்றாவது ஆலோசனை நடைமுறைக்கு உதவாது என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பணம் போடுகிறவர் ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பார். அவருக்குத் தன் ஊர்த் தமிழ்தான் திரையில் வேண்டும் என்கிறார்கள். இது நியாயமான பயம்தான். புகலிடத்தில் எடுக்கப்படும் எமது படங்களில் பல, யாழ்ப்பாணத் தமிழே ஈழத் தமிழ் என்ற எண்ணத்தோடு எடுக்கப்படுவதை நாம் பார்க்கிறோம். 1976இல் வானொலி நடிகர்கள் தாண்டியிருந்த ஓர் இடத்துக்கு நாம் திரும்பி வந்து நிற்கிறோமா என்பதையிட்டு வாசகர்கள் எழுதவேண்டும்.

நீர்கொழும்புக்காரர் இந்த இரண்டு வாரமும் அதிகம் கதைக்கவில்லை. அவரிடம் உபாலியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மன்னார் அண்ணரின் உபாலி தன்னுடைய தமிழைவிட நல்லாக இருக்கிறது என்றார். பிறகு, தான் சிறுவனாயிருந்தபோது மீன் சந்தையில் தமிழர் பேசிய சிங்களத்தைக் கேட்டுத் தாங்கள் சிரித்த விதத்தை நடித்துக் காட்டினார். அதுவும் எங்களுக்கு நன்றாகச் சிரிப்பு வந்தது. அந்தக் காட்சியும் படத்தில் இருக்கவேண்டும்.

அக்காலத்தில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்களும், 'கோமாளிகள்' படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களும் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பினால் இவ்விவாதம் பயன்படும். முக்கியமாக முஸ்லிம் வாசகர்களும் மலையக வாசகர்களும், அந்தக் காலத்தில் வானொலிக்கு முன்னால் இருந்த பெண்களும் எழுதவேண்டும். நீங்கள் அன்று சிரித்தீர்களா? எதற்குச் சிரித்தீர்கள்? எதற்குச் சிரிக்காமல் இருந்தீர்கள்?